வெளிநாட்டில் விமானிப் பயிற்சி: பள்ளியைத் தேர்ந்தெடுக்குமுன் அறிய வேண்டியவை

ஆண்டுதோறும் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியானதும் எங்கள் கிளைகளுக்கு வரும் கல்விக் கடன் விண்ணப்பங்களில் பொறியியலும் மருத்துவமும் மேலாண்மையும் பெரும்பங்கு வகிக்கின்றன. அவற்றின் நடுவே, எண்ணிக்கையில் சிறிதாயினும் தொகையில் பெரிதாக, வேறொரு வகை விண்ணப்பமும் வருகிறது. வெளிநாட்டுப் பள்ளியொன்றில் விமானம் ஓட்டப் பயின்று, வணிக விமானி உரிமத்துடன் நாடு திரும்பி, இந்திய விமான நிறுவனம் ஒன்றில் பணியில் சேர விரும்பும் இளைஞர்களின், இளம்பெண்களின் விண்ணப்பம் அது. கேட்கப்படும் தொகை பெரும்பாலும் குடும்பத்தின் வீட்டு மதிப்பை எட்டிவிடுகிறது. அந்த வீடே பிணையமாகவும் வந்து சேர்கிறது.

இக்கடன் கேட்டு வரும் பெற்றோர் பலர், பட்டப்படிப்புக்குக் கல்லூரியைத் தேர்வதைப் போலவே விமானப் பள்ளியையும் தேர்ந்திருப்பதைக் காண்கிறோம். பள்ளியின் பெயர், மொத்தக் கட்டணம், முகவரின் உறுதிமொழி ஆகியவற்றோடு விசாரணை முடிந்துவிடுகிறது. விமானப் பயிற்சிக்கு இந்த அளவுகோல் பொருந்தாது. கல்லூரியில் நாம் கட்டணம் செலுத்துவது கல்வியாண்டுக்கு. விமானப் பள்ளியில் செலுத்துவது பறப்பு மணிக்கு. அம்மணிகளில் எத்தனை இந்தியாவில் கணக்கில் ஏறும், அவை எத்தனை மாதங்களில் கிடைக்கும், இன்னும் பறக்காத மணிகளுக்காகக் கொடுத்த பணம் யார் கையில் இருக்கிறது என்று கேட்கத் தொடங்கினால், பள்ளிகளின் பட்டியல் தானாகவே சுருங்கிவிடும்.

இந்தியா கேட்கும் கணக்கு

எந்த நாட்டில் பயின்றாலும், இந்தியாவில் பணிபுரிய விரும்புபவர் தம் வெளிநாட்டு உரிமத்தை இந்திய உரிமமாக மாற்றிக்கொள்ள வேண்டும். அதை வழங்கும் அதிகாரம் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தினுடையது. வணிக விமானி உரிமத்துக்கு மொத்தம் 200 மணிநேரப் பறப்பு தேவை. அதில் 100 மணிநேரம் விமானத்தின் தலைமைப் பொறுப்பில் தாமே இருந்து ஓட்டியதாக இருத்தல் வேண்டும். 20 மணிநேரம் தலைமைப் பொறுப்பில் நிகழ்த்திய நெடுந்தொலைவுப் பறப்பாகவும், அதில் ஒன்று 300 கடல் மைலுக்குக் குறையாததாகவும், வழியில் இரு வேறு விமான நிலையங்களில் தரையிறங்கி நின்றதாகவும் அமைய வேண்டும். கருவிகளை மட்டுமே நோக்கி ஓட்டிய நேரம் 10 மணி. அதில் ஐந்து மணி வரை சிமுலேட்டரில் இருக்கலாம். இரவுப் பறப்பு 5 மணிநேரம். தலைமைப் பொறுப்பில் பத்து முறை மேலெழுந்து பத்து முறை தரையிறங்கியிருத்தல் வேண்டும்.

இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு வெளிநாட்டுப் பள்ளியின் பாடத்திட்டத்தைப் படித்தால் முதல் இடைவெளி உடனே தெரியும். அமெரிக்காவில் அந்நாட்டு விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் பகுதி 141 என்னும் விதித்தொகுப்பின்கீழ் இயங்கும் பள்ளிகளில் 190 மணிநேரத்திலேயே வணிக உரிமம் பெற இயலும். பகுதி 61 என்னும் மற்றொரு வழியில் 250 மணிநேரம் தேவை. ஆஸ்திரேலியாவில் ஒருங்கிணைந்த பாடத்திட்டத்தில் 150 மணிநேரமே போதும். ஐரோப்பிய ஒருங்கிணைந்த பாடத்திட்டத்திலும் அவ்வாறே. கனடாவில் 200. ஆகவே ஒரு பள்ளி மற்றொன்றைவிடப் பத்து லட்ச ரூபாய் குறைவாகக் கேட்கிறது என்றால், அது மலிவான பள்ளியா, அல்லது குறைந்த மணிகளைத் தரும் பள்ளியா என்று முதலில் பார்க்க வேண்டும். 150 மணிநேரத்துடன் திரும்புபவர் மீதி 50 மணிநேரத்தை வேறெங்கேனும் பறந்தே ஆக வேண்டும்; அதற்கான செலவு ஒப்பீட்டில் சேர்க்கப்பட்டிருப்பதில்லை.

இதைவிட நுட்பமானது தலைமைப் பொறுப்பு மணிகளின் கணக்கு. அமெரிக்க விதிப்படி, தனியார் விமானி உரிமம் பெற்ற ஒருவர், ஆசிரியர் அருகில் அமர்ந்திருக்கும்போதுகூட, தாமே விமானத்தை இயக்கினால் அந்நேரத்தைத் தம் பதிவேட்டில் தலைமைப் பொறுப்பு நேரமாக எழுதிக்கொள்ளலாம். அங்கு அது முற்றிலும் முறையானது. இந்தியாவிலோ ஆசிரியருடன் பறந்த நேரம் பயிற்சி நேரமாகவே பார்க்கப்படும். பதிவேட்டில் 130 மணி தலைமைப் பொறுப்பு என்று கூட்டுத்தொகை காட்டும் மாணவர், உண்மையில் தனித்துப் பறந்தது 75 மணியே என்பது உரிம மாற்றத்தின்போது வெளிப்பட்டால், அவர் மீண்டும் விமானத்தை வாடகைக்கு எடுக்க வேண்டிவரும். இரவில் தரையிறங்கிய பத்து முறைகளுக்கும் இது பொருந்தும். அமெரிக்காவில் அவற்றை ஆசிரியர் உடனிருக்கச் செய்யவும் விதி இடமளிக்கிறது.

ஆதலால் பள்ளியிடம் கேட்க வேண்டிய முதல் ஆவணம் கட்டணப் பட்டியலாக இருக்க வேண்டியதில்லை. இந்திய விதியின் ஒவ்வொரு தலைப்பின்கீழும் தங்கள் பாடத்திட்டத்தில் எத்தனை மணிநேரம், அதில் ஆசிரியரின்றிப் பறப்பது எத்தனை என்று பிரித்துக்காட்டும் ஓர் அட்டவணையைப் பள்ளியின் கையொப்பத்துடன் கேளுங்கள். இந்திய மாணவர்களைப் பல ஆண்டுகளாகப் பயிற்றுவிக்கும் பள்ளி இதை ஓரிரு நாளில் அனுப்பிவிடும். தடுமாறும் பள்ளியைப் பற்றி அந்தத் தடுமாற்றமே போதிய செய்தியைத் தருகிறது.

புறப்படுமுன் முடிக்க வேண்டியவை

மருத்துவத் தகுதி முதலாவது. இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்றை இயக்குநரகத்தின் பட்டியலிலுள்ள மருத்துவரிடமும், அதைத் தொடர்ந்து முதல் வகுப்புச் சான்றை அதற்கென அங்கீகரிக்கப்பட்ட மையத்திலும் பெற வேண்டும். வணிக விமானியாகப் பணிபுரிய முதல் வகுப்புச் சான்று இன்றியமையாதது. நிறம் பிரித்தறியும் பார்வை, செவித்திறன், இதயம் முதலியவை கூர்ந்து சோதிக்கப்படும். அயல்நாட்டில் பெறும் மருத்துவச் சான்று அந்நாட்டில் பறப்பதற்கு மட்டுமே பயன்படும். இந்தியச் சான்றுக்கு அது ஈடாகாது. முதல் வகுப்பு மருத்துவ முடிவு கையில் வருமுன் பள்ளிக்கு ஒரு ரூபாயும் அனுப்ப வேண்டாம் என்று எங்களிடம் வரும் ஒவ்வொரு பெற்றோரிடமும் சொல்லிவருகிறோம். சேர்க்கை முன்பணம் இரண்டு வாரத்தில் கட்டாவிட்டால் இடம் போய்விடும் என்ற அவசரம் எங்கிருந்து வந்தாலும் இதை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை.

அடுத்தது எழுத்துத் தேர்வுகள். விமான வழிகாட்டல், வானிலையியல், விமான ஒழுங்குமுறை போன்ற தாள்களை இயக்குநரகம் நடத்துகிறது. தேர்ச்சிக்கு 70 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். இவற்றுக்குமுன் இயக்குநரகத்தில் பதிந்து கணினி எண் பெற வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் படித்துத் தேறியதைத் தேர்வு வாரியம் சரிபார்த்துச் சான்றளித்த பின்னரே அவ்வெண் கிடைக்கும் என்பதால், இதற்குச் சில வாரங்கள் ஒதுக்க வேண்டும். வானொலித் தொடர்பு உரிமத்துக்கான தேர்வு தனி. இவற்றை இந்தியாவிலிருந்தே எழுதி முடித்துவிட்டுச் செல்பவர்களுக்குத் திரும்பியபின் காத்திருப்பு குறைகிறது. கடன் வழங்குவோர் என்ற முறையில் எங்களுக்கு இதில் மற்றொரு பயனும் தெரிகிறது. நான்கைந்து மாதம் அமர்ந்து வானிலை வரைபடத்தையும் திசைக் கணக்கையும் படிக்கும் பிள்ளைக்கு இத்தொழிலில் உள்ளது ஆசையா ஈடுபாடா என்பது, பெருந்தொகை செலவாவதற்கு முன்பே, வீட்டாருக்கும் தெரிந்துவிடும்.

அமெரிக்காவை எடுத்துக்கொண்டால்

நாட்டுக்கு நாடு விதிகள் வேறுபடும். அமெரிக்க நடைமுறையை ஓர் எடுத்துக்காட்டாகக் காண்போம்.

அந்நாட்டில் அயல்நாட்டு மாணவரைச் சேர்த்துக்கொள்ள, விமானப் பயிற்சி அனுமதி மட்டும் பள்ளிக்குப் போதாது. மாணவர் பரிமாற்றத் திட்டத்தின்கீழ் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் சான்றும் வேண்டும். அச்சான்று பெற்ற பள்ளிகளின் பட்டியலை அந்நாட்டு அரசே இணையத்தில் வெளியிடுகிறது. பட்டியலில் உள்ள பெயரும், பள்ளி அனுப்பும் ஐ-20 படிவத்தில் உள்ள பெயரும், பணம் அனுப்பச் சொல்லும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிடுவது பத்து நிமிட வேலை.

ஐ-20 படிவத்தை நிதானமாகப் படிக்க வேண்டும். பயிற்சி தொடங்கும் நாள், முடியும் நாள், கல்விச் செலவு, வாழ்க்கைச் செலவு ஆகிய அனைத்தும் அதில் குறிக்கப்பட்டிருக்கும். விளம்பரத் தாளில் எட்டு மாதம் என்றும் ஐ-20 படிவத்தில் பன்னிரண்டு மாதம் என்றும் இருந்தால், வரவுசெலவைப் பன்னிரண்டு மாதத்துக்கே திட்டமிடுங்கள். விசாவுக்குமுன் செலுத்தும் மாணவர் பதிவுக் கட்டணம் 350 டாலர். இதைத் தவிர, விமானப் பயிற்சிக்கென்றே போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் பின்னணி விசாரணை உண்டு. அதற்குக் கைரேகை அளித்துக் கட்டணமும் செலுத்த வேண்டும். அனுமதி வராமல் பறக்கும் பயிற்சியைத் தொடங்க இயலாது.

பெரும்பாலான விமானப் பள்ளி மாணவர்கள் எம்-1 என்னும் தொழிற்பயிற்சி விசாவில் செல்கின்றனர். படிக்கும் காலத்தில் இவ்விசாவில் வேலை செய்ய அனுமதியில்லை. பயிற்சி முடிந்தபின் செய்முறைப் பயிற்சிக்கு ஓரளவு இடமுண்டு; நான்கு மாதப் படிப்புக்கு ஒரு மாதம் என்ற கணக்கில், அதிகபட்சம் ஆறு மாதம். அங்கே பகுதிநேர வேலை பார்த்து வாழ்க்கைச் செலவைச் சரிக்கட்டலாம் என்று முகவர் எவரேனும் கூறினால், அந்த உரையாடலை அத்துடன் முடித்துக்கொள்ளலாம்.

பள்ளியின் கொள்ளளவு

கட்டணத்துக்கு அடுத்தபடி குடும்பத்தின் பணத்தைக் கரைப்பது காலதாமதம். வாடகை, உணவு, காப்பீடு, கடனின் வட்டி ஆகியவை மாணவர் பறந்தாலும் தரையில் காத்திருந்தாலும் ஓடிக்கொண்டே இருப்பவை. தாமதம் வருமா என்பதை ஓரளவு முன்கூட்டியே கணக்கிட முடியும்.

ஒரு மாணவர் பத்து மாதத்தில் 200 மணிநேரம் பறக்க வேண்டுமானால் மாதத்துக்கு 20 மணிநேரம் கிடைக்க வேண்டும். நூறு மாணவர்களும் பத்து விமானங்களும் உள்ள பள்ளியை எண்ணிப் பாருங்கள். மாதத்துக்கு மொத்தம் 2,000 மணிநேரம். விமானம் ஒன்றுக்கு 200 மணிநேரம். நாளொன்றுக்கு, ஒரு நாளும் விடாமல், ஏறத்தாழ ஆறே முக்கால் மணிநேரம். அமெரிக்காவில் வாடகைப் பயிற்சிக்குப் பயன்படும் விமானத்தை ஒவ்வொரு 100 மணிநேரப் பறப்புக்கும் ஒருமுறை பராமரிப்பு ஆய்வுக்கு உட்படுத்த வேண்டும். அதாவது ஒவ்வொரு விமானமும் மாதத்துக்கு இருமுறை பட்டறைக்குப் போகும். மழை, மேகம், காற்று, உதிரிபாகத் தட்டுப்பாடு ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டால், அப்பள்ளி சொல்லும் பத்து மாதம் பதினைந்தாக நீள்வதில் வியப்பில்லை. எனவே மாணவர் எண்ணிக்கை, பறக்கும் நிலையிலுள்ள விமானங்களின் எண்ணிக்கை, சொந்தப் பராமரிப்புப் பட்டறை உண்டா என்பது, கடந்த மாதம் மாணவர் ஒருவர் சராசரியாகப் பறந்த நேரம் ஆகியவற்றைக் கேட்டுப் பெறுங்கள். ‘எங்களிடம் முப்பது விமானங்கள்’ என்ற விளம்பரத்தில், பட்டறையில் பகுதி பகுதியாகக் கிடப்பவையும் அடங்கியிருக்கலாம்.

ஆசிரியர்களின் எண்ணிக்கையும் இதே அளவு முக்கியம். அமெரிக்காவில் பயணிகள் விமான நிறுவனத்தில் துணை விமானியாகச் சேர, 2013 முதல், பொதுவாக 1,500 மணிநேரப் பறப்பு அனுபவம் கட்டாயம். அந்த மணிகளைச் சேர்க்கவே இளம் விமானிகள் பலர் பயிற்சி ஆசிரியர்களாகப் பணிபுரிகின்றனர். எண்ணிக்கை நிறைந்ததும் விமான நிறுவனத்துக்குச் சென்றுவிடுகின்றனர். பாதிப் பயிற்சியில் ஆசிரியர் மாறினால், புதியவர் பழைய பாடங்களை மீண்டும் சோதித்துப் பார்ப்பார். அந்த மணிகளுக்கும் கட்டணம் உண்டு. ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர், அவர்கள் சராசரியாக எத்தனை மாதம் தங்குகின்றனர் என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம். உரிமத் தேர்வு நடத்தும் தேர்வாளர்கள் பல பகுதிகளில் குறைவாக இருப்பதால், பயிற்சி முடித்தும் தேர்வு நாளுக்காக வாரக்கணக்கில் காத்திருக்கும் மாணவர்கள் உண்டு. பள்ளியிலேயே தேர்வாளர் இருப்பதோ, பள்ளிக்கே தேர்வு நடத்தும் அதிகாரம் இருப்பதோ பெரும் வசதி.

வானிலையைப் பற்றி ஒரு சொல். ஃபுளோரிடா, அரிசோனா, டெக்சாஸ், கலிபோர்னியா மாநிலங்களில் பள்ளிகள் செறிந்திருப்பதற்கு ஆண்டின் பெரும்பகுதி வானம் தெளிவாக இருப்பதே காரணம். ஆயினும் ஃபுளோரிடாவில் ஜூன் முதல் நவம்பர் வரை சூறாவளிப் பருவம். கோடையில் பிற்பகல்தோறும் இடிமழை. அரிசோனாவின் கோடை வெப்பத்தில் காற்றின் அடர்த்தி குறைவதால் சிறு விமானங்களின் ஏறுதிறன் தளர்ந்து, பறப்பு விடியற்காலைக்குள் ஒடுங்கிவிடும்.

கட்டணப் பட்டியலில் பார்க்க வேண்டியது, விமான வாடகை எந்த அளவீட்டில் கணக்கிடப்படுகிறது, எரிபொருள் விலை ஏறினால் யார் ஏற்பது, பறப்புக்கு முன்னும் பின்னும் ஆசிரியர் தரும் விளக்க நேரத்துக்குத் தனிக் கட்டணமா, தேர்வில் ஒருமுறை தவறினால் மறுதேர்வுக்கு என்ன ஆகும் ஆகியவை. குறைந்தபட்ச மணிகளில் அனைவரும் தேறிவிடுவதில்லை. அறிவிக்கப்பட்ட கட்டணத்துக்கு மேல் பதினைந்து முதல் இருபது விழுக்காடு வரை கையிருப்பாக வைத்துக்கொள்ளுமாறு நாங்கள் ஆலோசனை கூறுகிறோம்.

ஒரே தடவையில் செலுத்தினால் தள்ளுபடி

இனி எங்கள் தொழிலுக்கு நெருங்கிய பகுதிக்கு வருவோம்.

முகவர்கள் தரும் கட்டணத் தாளின் அடியில் ஒரு வரி அடிக்கடி காணப்படுகிறது: முழுத் தொகையையும் முன்கூட்டியே செலுத்துவோருக்கு ஐந்து விழுக்காடு தள்ளுபடி. ஐம்பது லட்சத்தில் ஐந்து விழுக்காடு என்றால் இரண்டரை லட்ச ரூபாய். சொந்த உழைப்பில் வாழும் எந்தக் குடும்பத்துக்கும் அது பெரிய தொகை. எங்கள் கிளை ஒன்றுக்கு மனைவியுடனும் மகளுடனும் வந்த வணிகர் ஒருவர், அத்தொகையை மிச்சப்படுத்தும் பொருட்டு, கடன் முழுவதையும் ஒரே நாளில் பள்ளிக்கு அனுப்பிவிடுமாறு கேட்டார். கிளை அலுவலர் தாளை எடுத்து அவர் முன்னிலையிலேயே கணக்கிட்டுக் காட்டினார். அதை இங்கே தருகிறோம். வட்டி விகிதம் பத்து விழுக்காடு, தனிவட்டி, பயிற்சிக் காலம் பதினைந்து மாதம் என்று கொள்வோம்.

தள்ளுபடி போக 47,50,000 ரூபாயை முதல் நாளே செலுத்தினால், பதினைந்து மாத வட்டி 5,93,750 ரூபாய். ஆகமொத்தம் 53,43,750. தள்ளுபடி இன்றி 50 லட்சத்தை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பத்து லட்சமாக ஐந்து தவணைகளில் செலுத்தினால், ஒவ்வொரு தவணையும் கடனாக நிற்கும் காலம் குறைவதால், வட்டி 3,75,000 மட்டுமே. ஆகமொத்தம் 53,75,000. இரண்டுக்கும் வேறுபாடு 31,250 ரூபாய். இரண்டரை லட்சமாகத் தோன்றிய தள்ளுபடியின் உண்மையான மதிப்பு அவ்வளவுதான்.

அந்த 31,250 ரூபாய்க்காக அக்குடும்பம் ஏற்கவிருந்த இடர் என்ன? 2008 பிப்ரவரியில் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சில்வர் ஸ்டேட் ஹெலிகாப்டர்ஸ் என்னும் பயிற்சிப் பள்ளி திவால் மனுவிட்டு ஒரே நாளில் கதவடைத்தது. பல மாநிலங்களில் கிளைகள் கொண்டிருந்த பள்ளி அது. முழுக் கட்டணத்தையும் கடன் வாங்கி முன்கூட்டியே செலுத்தியிருந்த மாணவர்களுக்குப் பயிற்சி நின்றது, கடன் நிற்கவில்லை. 2023 ஏப்ரலில் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரிலிருந்த டேசைடு ஏவியேஷனும், அதே ஆண்டு ஜூனில் இங்கிலாந்தின் ஷோரம் நகரில் இயங்கிய எஃப்.டி.ஏ. குளோபலும் மூடப்பட்டன. இவை பெயர் தெரியாத பள்ளிகளல்ல. முறையான அனுமதியுடன் நடந்தவை. விமானப் பள்ளியின் விமானங்கள் பலவும் குத்தகையில் இருப்பவை அல்லது வேறொரு வங்கிக்கு ஈடு வைக்கப்பட்டவை. பள்ளி நொடித்தால் ஈட்டுக்கடன் தந்தவர் விமானத்தை எடுத்துக்கொள்வார். முன்பணம் தந்த மாணவரோ பிணையற்ற கடனாளிகளின் வரிசையில் கடைசியில் நிற்பார். தேர்வில் சிறந்து, மருத்துவத் தகுதி பெற்று, ஒழுங்காகப் பறந்துகொண்டிருந்த பிள்ளையின் வாழ்வும் அங்கே நின்றுவிடக்கூடும்.

சில நாடுகளில் இதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. ஆஸ்திரேலியாவில் அரசுப் பதிவேட்டில் இடம்பெற்ற கல்வி நிறுவனம் மூடப்பட்டால், அயல்நாட்டு மாணவருக்கு மாற்றுப் பள்ளியோ பயன்படுத்தாத கட்டணமோ கிடைக்க வழிசெய்யும் கல்விக் கட்டணப் பாதுகாப்புச் சேவை 2012 முதல் இயங்குகிறது. இருபத்தைந்து வாரத்துக்கு மேற்பட்ட படிப்பெனில், மாணவர் தாமே விரும்பினாலன்றி, தொடக்கத்துக்கு முன்னரே பாதிக்கு மேல் கட்டணம் கேட்க அங்குள்ள பள்ளிகளுக்கு அனுமதியில்லை. நியூசிலாந்திலும் தனியார் பயிற்சி நிறுவனங்கள் மாணவர் கட்டணத்தைப் பாதுகாப்பில் வைக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. இப்பாதுகாப்பு இல்லாத நாட்டைத் தேர்ந்தால், பாதுகாப்பைத் தவணை அட்டவணையின் மூலம் நாமேதான் ஏற்படுத்திக்கொள்ள வேண்டும்.

அந்த அட்டவணை பயிற்சியின் படிகளோடு இணைந்திருப்பது நலம். தனியார் விமானி உரிமம் வரை ஒரு தவணை. கருவிவழிப் பறப்புத் தகுதி வரை அடுத்தது. பின்னர் வணிக உரிமம். இறுதியாக இரட்டை எஞ்சின் தகுதி. ஒரு படி முடிந்ததற்கான சான்றும், பறந்த மணிகளின் கணக்கும் வந்தபின் அடுத்த தவணையை வங்கி விடுவிக்கும். எந்நேரத்திலும் பள்ளியிடம் நிற்கும் முன்பணம் இரண்டு மாதப் பறப்புக்கு மிகாமல் பார்த்துக்கொள்ளலாம். பயிற்சியை இடையில் விட்டால் மீதித் தொகை எத்தனை நாளில், எவ்வளவு பிடித்தம் போகத் திரும்பும் என்பதும் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். தவணை முறைக்கே இணங்காத பள்ளியை விட்டுவிடுவதே எங்கள் பரிந்துரை. மேற்சொன்ன வணிகரின் மகளுக்குச் சேர்க்கை அளித்த பள்ளி, கேட்டபின், நான்கு தவணைகளுக்கு ஒப்புக்கொண்டது. கேட்காதவரை அவ்வசதி எந்தத் தாளிலும் அச்சாகியிருக்கவில்லை.

பணம் அனுப்புதலும் கடனும்

கட்டணம் பள்ளியின் பெயரிலுள்ள கணக்குக்கு வங்கி வழியாக நேரடியாகச் செல்ல வேண்டும். முகவரின் கணக்குக்கோ, மூன்றாம் நாட்டிலுள்ள ‘வசூல் நிறுவன’த்தின் கணக்குக்கோ அனுப்பச் சொன்னால் கிளை மேலாளரிடம் தெரிவியுங்கள். பல முகவர்கள் பள்ளியிடமிருந்து தரகு பெறுபவர்கள். அவர்களின் ஆலோசனையை அதற்கேற்ப எடைபோட வேண்டும்.

ரிசர்வ் வங்கியின் தாராளமயப் பணம் அனுப்பும் திட்டப்படி, ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். பான் எண்ணும் ஏ2 படிவமும் தேவை. 2025 ஏப்ரல் 1 முதல், நிதியாண்டில் பத்து லட்ச ரூபாய்க்கு மேற்படும் தொகைக்கே மூலத்தில் வரி வசூல் பொருந்தும். வங்கி போன்ற நிதி நிறுவனத்தின் கல்விக் கடனிலிருந்து செல்லும் கட்டணத்துக்கு அவ்வரி வசூல் இல்லை. கைப்பணமும் கடனும் கலந்து செலுத்துவோர் எது எதிலிருந்து செல்கிறது என்பதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினால் வீண் பிடித்தத்தைத் தவிர்க்கலாம். செலாவணி மதிப்பின் ஏற்றத்துக்கும் இடம்விடுங்கள்: 60,000 டாலர் கட்டணத்தில், டாலருக்கு ஐந்து ரூபாய் ஏறினால் மூன்று லட்ச ரூபாய் கூடுகிறது.

இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் விமானிப் பயிற்சி இடம்பெற்றுள்ளது. வெளிநாட்டில் பயின்றால், பள்ளி அந்நாட்டு விமானத்துறை அதிகாரியின் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். அத்திட்டப்படி ஏழரை லட்சத்துக்கு மேற்பட்ட கடனுக்குச் சொத்துப் பிணையம் தேவை. குடும்பம் போட வேண்டிய பங்கை ஒரே தடவையில் கட்ட வேண்டியதில்லை. ஒவ்வொரு தவணையோடும் அதற்குரிய விகிதத்தில் செலுத்தலாம். திருப்பிச் செலுத்தல் படிப்புக் காலமும் மேலும் ஓராண்டும் கழித்துத் தொடங்குகிறது. கடன் பெற்றோர் பழைய வருமான வரி முறையைத் தேர்ந்திருந்தால், செலுத்தும் வட்டிக்கு எட்டாண்டு வரை வரிக் கழிவு உண்டு.

அந்த ஓராண்டைப் பற்றி வெளிப்படையாகவே பேச வேண்டும். உரிமத்துடன் திரும்பும் நாளும் சம்பளம் வாங்கும் நாளும் அடுத்தடுத்து வருவதில்லை. உரிம மாற்றத்துக்கு முன் இந்தியப் பள்ளியொன்றில் சில மணிநேரம் பறந்து திறன் தேர்வு கொடுக்க நேரிடலாம். அதன்பின் விமான நிறுவனங்கள் பயன்படுத்தும் பெரிய விமானத்துக்கான வகைத் தகுதிப் பயிற்சி. பல லட்சம் ரூபாய் பிடிக்கும் அச்செலவும் பல நேரங்களில் விண்ணப்பதாரரின் தலையிலேயே விழுகிறது. விமான நிறுவனங்களின் ஆள்சேர்ப்போ அலைபோல் எழுந்து தாழ்வது. ஐம்பது லட்சம் கடனுக்குப் பத்து விழுக்காடு வட்டியில், பத்தாண்டுத் தவணையெனில் மாதம் சுமார் 66,000 ரூபாய். பதினைந்தாண்டெனில் சுமார் 53,700. வேலை கிடைக்க இரண்டாண்டு ஆனால் இத்தொகையை வீட்டின் இப்போதைய வருமானம் தாங்குமா என்ற கேள்விக்குப் பெற்றோர் விடை கண்டபின் பள்ளியின் பெயரைத் தேடத் தொடங்கலாம். தாங்காது எனில், முதற்படியாகத் தனியார் விமானி உரிமம் வரை மட்டும் செலவிட்டுப் பார்ப்பதோ, இந்தியப் பள்ளிகளின் கட்டணத்தை ஒப்பிடுவதோ குறைவான வழியாகாது. கடன் தொகைக்கு ஈடான ஆயுள் காப்பீட்டை மாணவர் பெயரில் எடுத்துவைப்பதும் அவசியம். மகன் அல்லது மகளின் எதிர்கால ஊதியத்தை நம்பியே வீடு ஈட்டில் இருக்கிறது.

பயிற்சி முடிந்து விமானம் ஏறுமுன் மாணவர் வாங்கிக்கொள்ள வேண்டிய தாள்கள் சில உண்டு. பறப்புப் பதிவேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் பள்ளியின் சான்றொப்பம், பயிற்சிப் பதிவுகளின் பிரதி, ஒவ்வொரு தேர்வின் அறிக்கை, பள்ளியின் அங்கீகாரச் சான்றின் நகல் ஆகியவை. போலிச் சான்றுகளால் உரிமம் பெற்றவர்கள் 2011-இல் நம் நாட்டில் பிடிபட்டது நினைவிருக்கலாம்; வெளிநாட்டு உரிமம் உண்மையானதா என்று, அதை வழங்கிய அதிகாரியிடமே இயக்குநரகம் கேட்டு உறுதி செய்துகொள்கிறது. அமெரிக்காவில் தேர்வன்று கையில் கிடைப்பது 120 நாளுக்குச் செல்லும் தற்காலிகச் சான்று. நிலையான அட்டை பின்னர் அஞ்சலில் வருகிறது. காலி செய்யப்போகும் விடுதி முகவரியைப் படிவத்தில் எழுதிவிடாமல், அட்டை தவறாமல் வந்துசேரும் முகவரியைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.